வள்ளத்தின் பங்கு பன்னிரண்டு மாத்திரை

என் மார்பைப் பிளந்து தைத்து அனுப்பி நாற்பது நாளாகிறது. மதுரையில் செய்தார்கள். அடைத்துக்கொண்ட குழாய்களுக்குப் பதிலாகக் காலிலிருந்து எடுத்து ஒட்டுப்போட்டிருப்பதாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஓர் இளம் மருந்தாளுநர் கட்டிலருகே வந்து ஓர் அட்டையைக் காட்டினார். ஒவ்வொரு மாத்திரைக்கும் மேலே கிழமை அச்சடித்திருந்தது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் இதயத் துடிப்பு தாறுமாறா ஆயிடக் கூடாதுன்னு இது. தினம் ஒண்ணு. மறக்காம நீங்களே சாப்பிடணும் சார்" என்றார்.

"நானேதான் சாப்பிடணுமா?"

அவர் என்னைக் கவலையோடு பார்த்தார். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று நினைத்திருப்பார். "பின்னே வேற யார் சார் சாப்பிடுவாங்க?"

முப்பத்தைந்து வருடம் கம்பவுண்டராக இருந்தவனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்க சங்க மலருக்கு எழுதிக் கொடுங்க சார்" என்று பிடித்துக்கொண்டார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் உத்தரகோசமங்கைப் பக்கத்துக்காரன். மிளகாய்க் கொல்லையும் வறண்ட கண்மாயும்தான் எங்கள் உலகம். தண்ணீரே இல்லாத ஊரில் பிறந்தவனை, மதுரையில் கம்பவுண்டர் படிப்பு முடித்த கையோடு, நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த தீவுக்கு அனுப்பியது அரசாங்கம். படிப்பில் நான் உருப்படியாகக் கற்றது இரண்டு. டாக்டரின் கையெழுத்து புரியாவிட்டாலும் புரிந்த மாதிரி நிற்பது ஒன்று. மிக்சர் சீசாவின் பக்கவாட்டில் காகிதத்தை ஒட்டி, வேளைக்கு ஒரு வெட்டாக அழகாகக் கத்தரிப்பது இன்னொன்று. இரண்டாவதில் எனக்கு மாவட்டத்திலேயே ஈடு கிடையாது என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொல்லவில்லை.

பாம்பன் தாண்டி, கடற்கரையை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரி. ஊர்ப் பெயரை எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்கள் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள், அது தொடர வேண்டும். அறுபதுகளின் தொடக்கம் அது. எட்டுப் படுக்கை, ஒரு வேப்பமரம், ஒரு டாக்டரம்மா.

டாக்டரம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்க்காரர். ஒல்லியான உருவம். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் "சரி" என்பார். "சரி சரி" என்று இரண்டு தடவை சொன்னால் நம் கதை முடிந்தது.

நாடி பார்ப்பது அவருக்குப் பூசை மாதிரி. சேலையில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிடம் எண்ணுவார். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குகிற வேலை அங்கே செல்லாது. அந்த ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது. நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் வார்டு நோட்டில் எட்டுப் பேருக்கும் நாடி எழுதியிருந்தேன்: எழுபது, எண்பது, எழுபது, எண்பது. அதைப் பார்த்தவர் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"கம்பவுண்டர், இந்த ஊர்ல எல்லா இதயமும் பத்துப் பத்தாத்தான் அடிக்குமா? பூஜ்யத்துல முடியிற நாடி சோம்பேறியோட நாடி. போய் மறுபடி எண்ணுங்க. சரி சரி."

அன்றிலிருந்து நான் எழுபத்தொன்று, எண்பத்து மூன்று என்று எழுதினேன். முதல் மாதம் அதையும் எண்ணாமல்தான் எழுதினேன். அதையும் கண்டுபிடித்தார். பிறகுதான் எண்ணக் கற்றேன்.

சூசை என்பவன் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. வலை இழுக்கிறவன். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதயத்தின் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். டாக்டரம்மா கடிதம் மேல் கடிதம் எழுதி, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அங்கே மார்பைத் திறந்து, விரலை உள்ளே விட்டு வால்வை விரித்தார்களாம். இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து சூசை சொந்தக் காலில் நடந்து வந்தான். கையில் ஒரு கடிதம், நூறு மாத்திரை கொண்ட ஒரு சீசா. கடிதத்தில் இருந்தது இதுதான். ஆபரேஷன் ஆனவர்களுக்குத் துடிப்பு தாறுமாறாகிவிடுவது உண்டு. அப்படியானால் இதயத்துக்குள் ரத்தம் தேங்கி உறையும், ஒரு துணுக்கு மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும். அது வராமல் தடுக்க நாளைக்கு ஒரு மாத்திரை. கொடுக்குமுன் நாடியை எண்ண வேண்டும்.

டாக்டரம்மா சொன்னார்: "சீசா நம்ம அலமாரியில இருக்கட்டும். திங்கட்கிழமை திங்கட்கிழமை இவன் வரணும். நாடியை எண்ணிட்டு ஏழே ஏழு மாத்திரை பொட்டலம் கட்டிக் கொடுங்க."

அவர் உள்ளே போனதும் சூசை என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அய்யா, அந்தச் சீசாவை ஒருக்கா தாங்க. எங்க தண்டல்ட்டக் காட்டணும். பட்டணத்துல இருந்து ஏங்கூட வந்த சாமான் இது ஒண்ணுதான்யா."

தண்டல் என்றால் வள்ளத்தை நடத்துகிறவர். சூசை கடலுக்குப் போகிற வள்ளத்தின் தண்டல் மிக்கேல், அவனுடைய தாய்மாமன். நான் யோசித்தேன். உண்மையைச் சொன்னால், வாராவாரம் ஏழு மாத்திரை எண்ணிப் பொட்டலம் மடிக்கிற வேலை மிச்சமாகுமே என்றுதான் யோசித்தேன். "நாளைக்கு ஒண்ணுதான், தெரியுமாலே?" என்று விரலை ஆட்டிவிட்டுச் சீசாவோடு அனுப்பினேன். நோட்டில் 'ஏழு' என்று எழுதினேன். அந்தக் கை அப்போதே விளங்காமல் போயிருக்க வேண்டும்.

அதே வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம், மருந்தறையின் பின் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. துண்டால் முக்காடு. உள்ளே மிக்கேல் தண்டல்.

"கம்பவுண்டர் அய்யா, என் சிநேகிதன் ஒருத்தனுக்குக் கடல்ல வாந்தி வருது. மருந்து இருக்கா?"

கடலில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் வாந்தி என்றால், அந்த ஊரில் அதைவிட மானக்கேடு கிடையாது. பெண் கொடுக்க மாட்டார்கள்.

"சிநேகிதன் நாடியைப் பார்க்கணுமே. உங்க கையை நீட்டுங்க, அதுல பார்க்கிறேன்" என்றேன்.

கையை நீட்டினார். நாற்பத்தெட்டு. மெதுவாக, மாட்டுவண்டி மேடேறுகிற மாதிரி. கண்ணைக் கசக்கிக்கொண்டே, "வள்ளத்து வெள்ளைப் பாயி மஞ்சளாத் தெரியுதுங்கான் சிநேகிதன்" என்றார். மஞ்சள் காமாலையோ என்று கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. வயிற்றுக்கு ஒரு மிக்சர் கலந்து, காகிதம் ஒட்டி, ஆறு வெட்டு வெட்டிக் கொடுத்தேன். வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை சவரிமுத்து வந்தான், அவனும் முக்காடு, அவனும் ஒரு சிநேகிதனுக்காக. நாடி நாற்பத்தாறு. மீன் குழம்பு வாசம் பட்டாலே குமட்டுகிறதாம், மணல் பூராவும் மஞ்சள் பூசினாற்போல இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூன்று பேர், ஒருவர் போனதும் ஒருவர். ஐந்து பேரும் ஒரே வள்ளம். ஐந்து பேரிடமும் சத்தியம் செய்தேன். ஐந்து சீசாவுக்கும் காகிதம் வெட்டினேன், ஒவ்வொன்றும் ஒரு அளவு பிசகாமல். ஐந்து நாடியும் ஏன் ஐம்பதுக்குக் கீழே இருக்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை. அலைக்குப் பழகிய உடம்பு, நிதானமாகத்தான் துடிக்கும் என்று எனக்கு நானே ஒரு வைத்திய சாஸ்திரம் எழுதிக்கொண்டேன்.

சூசை திங்கட்கிழமை வந்தான். எழுபத்து மூன்று, ஒழுங்கு. அடுத்த திங்கள் எழுபத்தாறு, ஒழுங்கு. மூன்றாவது திங்கள் காலை பத்து மணிக்கு வேப்பமரத்தடி வரைக்கும் வந்தவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்துக் கையைப் பிடித்தேன். நாடி ஓடியது, நின்றது, இரண்டு தாண்டி மூன்று குதித்தது. எண்ண முடியவில்லை.

டாக்டரம்மா வந்து ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்துக் கேட்டார். முழுசாக இரண்டு நிமிடம். பிறகு கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டியா?"

சூசை கூரையைப் பார்த்தான்.

"கம்பவுண்டர், சீசாவை எடுங்க."

என் வாழ்க்கையில் அலமாரியை அவ்வளவு மெதுவாகத் திறந்ததில்லை. சீசா அங்கே இருக்காது என்று தெரிந்தே திறந்தேன். சூசைதான் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மடியிலிருந்து சீசாவை எடுத்து நீட்டினான். காலி.

டாக்டரம்மா சீசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி சரி" என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். பிறகு கணக்குப் போட்டார். "நூறு மாத்திரை. இருபத்தோரு நாள். நாளைக்கு அஞ்சு தின்னிருக்கான்."

"ஒண்ணுதான்மா தின்னேன்" என்றான் சூசை, மூச்சுக்கிடையே.

"மிச்சம் எங்கே?"

"கடல்ல விழுந்திருச்சு."

டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "இந்த மருந்து குறைஞ்சாலும் நாடி இப்படிப் போகும், கூடினாலும் இப்படிப் போகும். கூடியிருந்தா, இன்னும் ஒண்ணு கொடுத்தா செத்துடுவான். குறைஞ்சிருந்தா, கொடுக்கலேன்னா செத்துடுவான். இவன் பொய் சொல்றான். நான் எதை நம்பறது? நாளைக்கு அஞ்சுன்னா…"

அந்த 'அஞ்சு' காதில் இரண்டாம் தடவை விழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து முக்காடு. ஐந்து சத்தியம். ஐந்து மெதுவான நாடி. அந்த மருந்து கூடினால் முதலில் நாடி இறங்கும், குமட்டும், வெள்ளை மஞ்சளாகத் தெரியும் என்று படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பயத்தைவிட வெட்கம்தான் வந்தது. டாக்டரம்மாவிடம் ஐந்து சத்தியத்தையும் ஒரே மூச்சில் உடைத்தேன். பிறகு சூசையிடம் ஓடினேன்.

"ஏலே, மாத்திரையைப் பங்கு போட்டீகளா?"

அவன் அழுதுவிட்டான்.

"நான் பட்டணத்துல கிடந்த மூணு மாசமும் கடலுக்குப் போகலய்யா. ஆனா எம் பங்கு மீனை ஒரு நாள் தவறாம எங்க ஆத்தா வீட்ல கொண்டாந்து போட்டாக. நான் மட்டும் மருந்தைத் தனியா வச்சுத் திங்கவா? நாந்தான் பங்கு வைக்கச் சொன்னேன். தண்டல் மேல குத்தமில்ல."

"உன் பங்கு எத்தனை?" இது டாக்டரம்மா.

"பன்னெண்டும்மா. ஆளுக்குப் பன்னெண்டு. வள்ளத்துக்குப் பன்னெண்டு, வலைக்குப் பன்னெண்டு. மிச்சம் நாலு கோயிலுக்கு."

மீனைப் பங்கு வைக்கிற முறை அதுதான். ஆளுக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. மணலில் எட்டுக் குவியலாக மாத்திரையைப் பிரித்திருக்கிறார்கள். சூசை என் சொல்லைத் தட்டாமல் நாளைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நாள் சாப்பிட்டான், அப்புறம் ஒன்பது நாளாக மருந்தே இல்லை. மற்ற ஐந்து பேரும் நெஞ்சுக்குப் பலம் என்று காலையில் இரண்டு, மாலையில் இரண்டாக மூன்றே நாளில் தீர்த்துவிட்டார்கள். கோயிலுக்குப் போன நாலைப் பாதிரியார் பத்திரமாக மேசை இழுப்பறைக்குள் வைத்து, எங்கே வைத்தோம் என்று மறந்துபோனார்.

டாக்டரம்மா கிராம்பைத் துப்பினார். அதற்குமுன் அவர் துப்பி நான் பார்த்ததில்லை. "வள்ளம் மாத்திரை சாப்பிடாது. அந்தப் பன்னிரண்டும் அப்படியே இருந்தா இவன் சொல்றது நிஜம். மருந்தும் கிடைச்ச மாதிரி. ராமநாதபுரத்துல தேடி வாங்கிட்டு வர நேரமில்லை. வள்ளம் எங்கே?"

ஜன்னல் வழியாகவே தெரிந்தது. கரையிலிருந்து ஒரு கூப்பாட்டுக்குக் கொஞ்சம் அப்பால், பாய் இறக்கி நின்றது.

"போங்க, கம்பவுண்டர்."

நான் கண்மாய்க்காரன் என்று முன்பே சொன்னேன். இடுப்பளவுக்கு மேல் தண்ணீரை நான் நம்பியதில்லை. மீன் எடுக்கப் புறப்பட்ட வத்தை என்கிற ஒரு சின்னப் படகில் ஏற்றி உட்காரவைத்தார்கள். பத்துத் துடுப்பு வீச்சுத் தூரம் போகுமுன் காலையில் தின்ற இட்லி கடலுக்குப் போனது. வள்ளத்தருகே போனபோது முந்தின நாள் சாப்பாடும் போயிருந்தது. இரண்டு பேர் என் அக்குளில் கை கொடுத்து வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டார்கள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஓங்கரித்தேன்.

மிக்கேல் தண்டல் என் தலையைப் பிடித்துக்கொண்டு கோபமாகத் திரும்பினார். "ஏலே, கம்பவுண்டர் அய்யாவுக்கும் நம்ம மாத்திரையில பங்கு குடுத்தது ஆருலே?"

"சத்தியமா நாங்க குடுக்கலண்ணே" என்றான் சவரிமுத்து.

எனக்குப் பேச்சு வரச் சற்று நேரமானது. வந்ததும், "வள்ளத்துப் பங்கு எங்கே? சூசைக்கு நாடி போச்சு" என்றேன்.

சுற்றி நின்று சிரித்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். மிக்கேல் முன்பக்கம் போய், அந்தோணியார் படம் ஒட்டிய ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு வெள்ளைத் துணி முடிச்சு. அவிழ்த்து என் உள்ளங்கையில் கொட்டினார். அந்த ஆட்டத்திலும் ஒன்று ஒன்றாக எண்ணினேன். பன்னிரண்டு. திரும்ப எண்ணினேன். பன்னிரண்டு.

"வலைப் பங்கு?" என்றேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

வலையின் ஓரத்தில் முடிந்து வைத்திருந்தார்களாம். முதல் நாளே கடலில் கரைந்துவிட்டது. அன்றைக்குப் பட்ட மீனெல்லாம் துள்ளாமல் நிதானமாகக் கிடந்ததாகச் சவரிமுத்து சத்தியம் செய்தான். அவன் சத்தியத்துக்கும் என் சத்தியத்துக்கும் அந்தக் காலத்தில் ஒரே மதிப்புத்தான்.

பாயை ஏற்றி வள்ளத்தையே கரைக்கு விட்டார்கள். டாக்டரம்மா மாத்திரைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, முதலில் இரண்டு கொடுத்தார். பிறகு மணி பார்த்து, நாடி பார்த்து, ஒவ்வொன்றாக. வராந்தாவில் ஐந்து பேரும் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒருவர்கூட மாத்திரை இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அன்று வேலை போகும் என்ற நினைப்பே வரவில்லை. சூசை போய்விடுவானோ என்ற பயம்தான் இருந்தது. பொட்டலம் மடிக்கச் சோம்பி ஒருவனைக் கொன்றவன் என்று காலம் முழுவதும் என்னையே கண்ணாடியில் பார்க்க வேண்டுமே.

மறுநாள் காலை டாக்டரம்மா சூசையின் கையைப் பிடித்தார். நாங்கள் ஏழு பேரும் மூச்சை அடக்கினோம். ஒரு நிமிடம் எண்ணினார். முகத்தைச் சுளித்தார். மறுபடி எண்ணினார். மூன்றாவது தடவையும் எண்ணிவிட்டு, "கம்பவுண்டர், நீங்க எண்ணுங்க" என்றார்.

எண்ணினேன். ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு அடி பிசகாமல் வந்தது. எண்ணி முடித்ததும் சொல்லப் பயமாக இருந்தது.

"எத்தனை?"

"மன்னிக்கணும்மா. எழுபது."

"எனக்கும் அதுதான்" என்றார். நோட்டில் எழுபது என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு, யாருக்காவது சந்தேகம் வரப்போகிறது என்பதுபோல, இன்னொரு கையெழுத்தும் போட்டார். படுக்கையிலிருந்து சூசை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு மெமோ கொடுப்பார் என்று காத்திருந்தேன். அதைவிடக் கொடுமையான ஒன்றைச் செய்தார். சென்னையிலிருந்து புதுச் சீசா வந்ததும் அதை மிக்கேல் தண்டல் கையில் கொடுத்தார். "இது முழுசும் வள்ளத்துப் பங்கு. தினம் காலையில வள்ளம் சூசைக்கு ஒண்ணு கொடுக்கும்."

மிக்கேல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வள்ளத்துப் பங்கை எவனும் தொட மாட்டான்மா. தொட்டா கை விளங்காது."

"கம்பவுண்டர் திங்கட்கிழமை திங்கட்கிழமை வள்ளத்துக்கே வந்து நாடி பார்த்து, மாத்திரையை எண்ணிட்டுப் போவார்" என்றார் டாக்டரம்மா. "சரி?"

ஒரே ஒரு 'சரி'. இரண்டு வருடம், மாற்றலாகும் வரை, ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடலில் வாந்தியெடுத்தேன். ஊரே கரையில் நின்று பார்க்கும். ஒரு மாத்திரைகூடக் கூடவில்லை, குறையவில்லை.

போன வாரம் சூசை வந்திருந்தான். அறுபதை நெருங்குகிறான், தலை முழுக்க நரை. ஒரு சீலா மீனை நாரில் கோத்துக்கொண்டு மதுரை பஸ்ஸில் எல்லோர் மூக்கையும் சோதித்தபடி வந்திருக்கிறான். என் மார்புத் தையலைப் பார்த்தான், தன் சட்டையை விலக்கித் தன்னுடையதைக் காட்டினான். என்னுடையது நேராக இருப்பதில் அவனுக்குக் கொஞ்சம் பொறாமை. மேசையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"துடிப்பு தாறுமாறாகாம இருக்கறதுக்கா அய்யா?"

"ஆமாலே."

முகத்தில் சிரிப்பே இல்லாமல் உள்ளங்கையை நீட்டினான். "எம் பங்கு?"

என் மனைவி பதறிப்போய் அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். நாங்கள் சிரித்து அடங்க நேரமாயிற்று. பிறகு அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் மணிக்கட்டைப் பிடித்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, உதடு அசைய எண்ணினான். என்னமோ கேட்க வாயெடுத்த என் மனைவியைக் கையமர்த்தினான். முழுசாக ஒரு நிமிடம்.

"எத்தனைலே?" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"ஒழுங்கா அடிக்குது அய்யா" என்று சொல்லிக் கையைத் தட்டிக் கொடுத்தான். "எழுபத்தொண்ணுன்னு வச்சுக்குங்க. உள்ளதைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீக."